சமோங் மலைச்சாலையில் அறுந்த பெல்ட்: வாடகை ஸ்கூட்டரில் ஒரு நாள் சுற்று, நிகழ்வு ஆய்வு

வெளிநாட்டில் வாடகைக்குச் சின்ன வண்டி எடுத்து, காலையில் கிளம்பி சாயங்காலம் திரும்புகிற மாதிரி சுற்றுவது இப்போது நம்மவர்களிடம் நன்றாகப் பரவியிருக்கிறது. எங்கே போகலாம், என்ன பார்க்கலாம் என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். வண்டி வழியில் நின்றால் அடுத்த நாலு மணி நேரம் எப்படிப் போகும் என்று முழுசாக எழுதி வைத்தவர்கள் குறைவு. வடக்கு தாய்லாந்தில் எனக்குத் தெரிந்த இருவருக்கு நடந்தது இது. இருவரிடமும் தனித்தனியாகப் பேசி, போனில் இருந்த படங்களின் நேரத்தையும் அன்று அனுப்பிய செய்திகளையும் வைத்து வரிசைப்படுத்தியிருக்கிறேன். இருவர் சொன்னதும் ஒத்துப்போகாத இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன். ஆட்களின் பெயர், கடையின் பெயர், வண்டியின் கம்பெனி எதுவும் இதில் வராது.

பின்னணி

போனது ஒரு மாமாவும் அவருடைய அக்கா மகனும். மாமாவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது, கியர் வண்டியிலேயே பழகியவர், எடை தொண்ணூறு கிலோவுக்குப் பக்கம். எடையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும். மருமகனுக்கு இருபத்தைந்துக்குள். வண்டி ஓட்டுவதில் மாமா அளவுக்கு அனுபவம் இல்லை, ஆனால் போன், மேப், மொழிபெயர்ப்பு எல்லாம் அவன் பொறுப்பு.

டிசம்பர் மாதம், சியாங் மாய். மழை முடிந்து, காடும் வயலும் எரிப்பதால் பிப்ரவரி வாக்கில் தொடங்கும் புகை இன்னும் வராத, காலையில் லேசாகக் குளிர்கிற பருவம். தேர்ந்தெடுத்தது சமோங் சுற்று. நகரத்திலிருந்து 107-ம் எண் சாலையில் வடக்கே மே ரிம் வரை போய், அங்கே இடது பக்கம் 1096-ல் திரும்பி மலை ஏறி, சமோங் பக்கம் இறங்கி, 1269 வழியாக ஹாங் டோங் வந்து நகரத்துக்குத் திரும்புவது. மொத்தம் 100 கிலோமீட்டர் சுமார். தாய்லாந்திலும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் அந்தப் பழக்கத்தை மாற்றும் சிரமம் இல்லை. தூரத்தைப் பார்த்து லேசாக நினைத்துவிடக் கூடாது. அந்த 100 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் வளைவும் ஏற்றமும் இறக்கமும்தான்.

இருவரிடமும் சொந்த ஊர் மோட்டார் சைக்கிள் லைசென்ஸும், சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இருந்தன. இந்தியாவில் தருவது 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படியான அனுமதி, அது தாய்லாந்தில் செல்லும். இதே அனுமதியோடு வியட்நாமில் வண்டி எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது, அந்த நாடு சேர்ந்திருப்பது 1968 வியன்னா ஒப்பந்தத்தில், 1949-ல் இல்லை. அங்கே இந்தத் தாள் கையில் இருந்தும் லைசென்ஸ் இல்லாத கணக்குதான். அனுமதிப் புத்தகத்தில் மோட்டார் சைக்கிளுக்கான ஏ பிரிவில் முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். காருக்கு மட்டும் முத்திரை வாங்கிக்கொண்டு வண்டி ஓட்டி அடிபட்டால், பயணக் காப்பீட்டுக்காரர்கள் முதலில் கை வைக்கிற இடம் அதுதான். சில பாலிசிகளில் எத்தனை சிசி வரை என்ற வரம்பும் இருக்கும்.

வண்டி எடுத்த மாலை

முதல் நாள் சாயங்காலமே ஆளுக்கொரு 125 சிசி ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டர் எடுத்தார்கள். கடைக்காரர் பாஸ்போர்ட்டை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். மருமகன் மறுத்து, நகலும் வண்டிக்கு 3,000 பாட் (தாய்லாந்துப் பணம்) முன்பணமும் கொடுத்தான். மாமாவுக்கு அவ்வளவு பணத்தைக் கொடுப்பதில் இஷ்டமில்லை, 'பாஸ்போர்ட்டைக் கொடுத்தா முடிஞ்சு போச்சு, எதுக்குடா இவ்வளவு காசு' என்றிருக்கிறார். கொடுக்காமல் விட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பது கடைசியில் தெரியும்.

கீறல்களையெல்லாம் வீடியோ எடுத்தார்கள், பிரேக், லைட், ஹாரன், டயர் பார்த்தார்கள். இருக்கைக்கு அடியில் பதிவுப் புத்தகத்தின் நகல் இருந்தது. அரசு கட்டாயமாக்கிய காப்பீடும் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னார். அது ஆளுக்கு ஏற்படும் காயத்துக்கான காப்பீடு, வண்டிக்கு வரும் சேதத்தை அதில் கேட்க முடியாது. லைன் செயலியில் கடையின் எண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள். தாய்லாந்தில் எல்லாப் பேச்சும் லைனில்தான், அது இல்லாமல் வாடகை வண்டி எடுப்பது வீண் சிரமம்.

பார்க்காமல் விட்டது ஓடோமீட்டர். மாமா எடுத்த வண்டி 47,000 கிலோமீட்டர் தாண்டியிருந்தது. வீடியோவில் அது தெளிவாகப் பதிந்திருக்கிறது, ஆனால் அன்று யாரும் அதை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த மாதிரி ஸ்கூட்டர்களில், இன்ஜின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் பெல்ட்டை இருபதாயிரத்திலிருந்து இருபத்தைந்தாயிரத்துக்குள் மாற்றச் சொல்வார்கள். 47,000 என்றால் இரண்டாவது பெல்ட்டும் ஆயுள் முடியும் தறுவாயில் இருக்கலாம், மாற்றாமலே ஓட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். 'பெல்ட் எப்போ மாத்தினீங்க?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேறு வண்டி கிடைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கடைக்காரர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதிலிருந்தே கொஞ்சம் புரிந்திருக்கும்.

காலையில் தெரிந்தவை

எட்டரை மணிக்குக் கிளம்பினார்கள். சிக்னலில் நின்று எடுக்கும்போதெல்லாம் மாமாவின் வண்டி ஒரு கணம் தடதடவென்று உதறிவிட்டுத்தான் நகர்ந்தது. வேகம் பிடித்தபின் சரியாகிவிடும். 'வாடகை வண்டின்னா அப்படித்தான் இருக்கும்' என்று மாமா விட்டுவிட்டார். மே ரிம்மில் பெட்ரோல் போட நின்றபோது மருமகன் அந்த வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, லைனில் கடைக்கு ஒரு செய்தி போட்டான்: 'கிளம்பும்போது வண்டி உதறுகிறது, இது சாதாரணம்தானா?' நேரம் 9.20. பதிலாக வந்தது ஓகே என்று கை காட்டும் கரடி ஸ்டிக்கர் ஒன்று. நகைப்பாக இருந்தாலும், இந்த நிகழ்வில் மிக உபயோகமாக இருந்த ஆவணம் அந்தக் கரடிதான்.

உதறல் ஏன் வருகிறது என்று இங்கே கொஞ்சம் பார்த்துவிடலாம், இல்லையென்றால் பின்னால் வருவது புரியாது. ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டரில் இன்ஜின் பக்கம் ஒரு கப்பி, பின்சக்கரத்துப் பக்கம் ஒரு கப்பி, நடுவில் ரப்பர் பெல்ட். முன் கப்பிக்குள் உருளும் ரோலர்கள் வேகத்துக்கு ஏற்ப வெளியே தள்ளப்பட்டு, கப்பியின் இடைவெளியைக் குறுக்கும். பெல்ட் மேலே ஏறும். அதுதான் இதில் கியர் மாறுவதற்குச் சமம். பின் கப்பியோடு இருக்கிற கிளட்ச், இன்ஜின் வேகம் கூடினால் விரிந்து பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பிடிக்கிற இடம் தேய்ந்தோ பளபளப்பாகியோ போனால் கிளம்பும்போது உதறும். பெல்ட் அகலம் குறைந்து தேய்ந்தால் வண்டி ரெய்ஸ் ஆகும், இழுக்காது. இவை தனித்தனிக் கோளாறுகள், ஆனால் எல்லாம் ஒரே பெட்டிக்குள் ஒரே வெப்பத்தில் வேலை செய்வதால், ஒன்று வந்த வண்டியில் மற்றதும் பக்கத்திலேயே இருக்கும் என்று நினைத்துக்கொள்வது நல்லது. ஆகவே அந்த உதறல் பெல்ட் அறுவதற்கான நேரடி அறிகுறி என்று நான் சொல்ல மாட்டேன். இந்தப் பெட்டியை ரொம்ப நாளாக யாரும் திறந்து பார்க்கவில்லை என்பதற்கான அறிகுறி, அவ்வளவுதான். அதுவே அன்றைக்குப் போதுமான தகவல்.

மலை ஏறும்போது

1096-ல் திரும்பி மே சா அருவி, அப்புறம் ராணி சிரிகிட் தாவரவியல் பூங்கா என்று நிதானமாகவே போயிருக்கிறார்கள். போங் யாங் பக்கம் சாப்பாடு. பன்னிரண்டே முக்காலுக்கு மறுபடி கிளம்பினார்கள். ஏற்றம் செங்குத்தாகத் தொடங்கியது அதற்கப்புறம்தான்.

இங்கே மாமா கவனித்தது: ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகியும் சத்தம் மட்டும் கூடியது, வேகம் முப்பதைத் தாண்டவில்லை. ஒரு வளைவில் நின்று படம் எடுத்தபோது ரப்பர் கருகிய வாடை வந்ததாக மருமகன் சொல்கிறான். மாமா அதை ஏறுகிற லாரிகளின் வாடை என்று நினைத்திருக்கிறார். தொண்ணூறு கிலோ ஆள், முதுகில் பை, தொடர் ஏற்றம், முழு ஆக்சிலேட்டர், குறைந்த வேகம். தேய்ந்த பெல்ட் கப்பியில் வழுக்கிச் சூடாவதற்கு இதைவிடத் தோதான நிலைமை கிடையாது. கருகல் வாடை வந்த அந்த இடத்தில் அரை மணி நேரம் வண்டியை ஆறவிட்டு, மேலே ஏறாமல் திரும்பி இறங்கியிருந்தால் பெல்ட் நகரம் வரை தாங்கியிருக்கலாம், தாங்காமலும் போயிருக்கலாம். ஆனால் நின்றாலும் போங் யாங்குக்குப் பக்கத்தில் நின்றிருக்கும். மேலே ஏற ஏறக் கடைகள் குறைந்துகொண்டே போகும் சாலை அது.

வண்டி நின்ற இடம்

1.10-க்கு, இடது பக்கம் மடங்கும் ஒரு ஏற்ற வளைவில், அடியிலிருந்து பட்டென்று ஒரு சத்தம். இன்ஜின் அலறியது, வண்டி நின்றது, அடுத்த நொடி பின்னோக்கி உருள ஆரம்பித்தது.

கியர் வண்டிக்காரர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். கியர் வண்டி ஏற்றத்தில் அணைந்தால் கியரே சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டரில் அந்தப் பிடி கிடையாது. பெல்ட் அறுந்தால் பின்சக்கரம் அதன்பாட்டுக்குச் சுழலும், நிறுத்துவதற்கு பிரேக் மட்டும்தான். மாமா இரண்டு பிரேக்கையும் பிடித்து இரண்டு காலையும் ஊன்றி நிறுத்திவிட்டார். முப்பது வருஷப் பழக்கம் அங்கே கை கொடுத்தது. பிடித்தபடியே சாலையின் ஓரம் பார்த்து ஹேண்டிலைத் திருப்பி, வண்டி சரிவுக்குக் குறுக்காக நிற்கும்படி செய்திருக்கிறார். அப்படி நின்ற பிறகுதான் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்த முடிந்தது.

மருமகன் முன்னால் போயிருந்தான். கண்ணாடியில் மாமா தெரியவில்லை என்று அவன் கவனித்துத் திரும்பி வர பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இழுக்காத வண்டியைப் பின்னால் வரவிட்டு, நல்ல வண்டி முன்னால் போனது இந்தப் பயணத்தில் நடந்த தவறுகளில் எளிதாகத் தவிர்த்திருக்கக்கூடியது. சந்தேகமான வண்டிதான் முன்னால் போக வேண்டும், அதன் வேகம்தான் இருவருக்கும் வேகம்.

அவன் வந்ததும் முதலில் செய்தது வண்டியை அந்த வளைவிலிருந்து நகர்த்தியது. மேலிருந்து இறங்கும் வண்டிக்கு அந்த இடம் கடைசி நொடியில்தான் தெரியும். ஒருவர் பிரேக்கைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பின்னால் தாங்க, கீழே கொஞ்ச தூரம் இறக்கி, சரளை போட்ட அகலமான ஓரத்தில் நிறுத்தினார்கள். வளைவுக்கு முன்னும் பின்னும் பச்சைக் கிளைகளை ஒடித்துப் போட்டார்கள். மாமா உடனே இடது பக்க கவரைக் கழற்றப் பார்த்திருக்கிறார்.

'மாமா, கை வைக்காதீங்க. முதல்ல போட்டோ எடுத்துக் கடைக்குச் சொல்லிடலாம்.'

'டேய், நான் பார்க்காத வண்டியாடா?'

'பார்ப்பீங்க மாமா, அது வேற. நாளைக்கு நாமதான் கழட்டிக் கெடுத்தோம்னு சொன்னா என்ன பண்றது?'

மாமா கையை எடுத்துவிட்டார். இதில் மருமகன் சொன்னதுதான் சரி என்பது என் கருத்து. சொந்த வண்டியாக இருந்தால் திறந்து பார்ப்பதில் தப்பில்லை. வாடகை வண்டியில், கடைக்குத் தெரியாமல் ஒரு போல்ட்டைத் தொட்டாலும் பேச்சுவார்த்தையில் நம் பக்கம் பலவீனமாகிவிடும்.

என்ன போயிருக்கிறது என்று பார்த்தது

திறக்காமலே கண்டுபிடிக்க முடிகிற கோளாறுதான் இது. மாமாவின் முதல் சந்தேகம் பெட்ரோல். மே ரிம் பங்கில் 91, 95, ஈ20 என்று பெட்ரோல் வகைகளுக்கான குழாய்கள் வரிசையாக இருந்ததில் மாற்றிப் போட்டிருப்பார்களோ என்று. ஆனால் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் சுத்தமாக எடுத்தது, ஆக்சிலேட்டர் கொடுத்தால் உடனே ஏறியது. அப்படியென்றால் பெட்ரோல், பிளக், பேட்டரி மூன்றும் அந்த நிமிஷமே கணக்கிலிருந்து போய்விட்டன. பின்சக்கரம் மட்டும் அசையவில்லை. இடது பக்கப் பெட்டிக்குள் எதுவோ படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம். இன்ஜினை உடனே நிறுத்திவிட்டார்கள். மேலும் ஓடவிட்டால் அறுந்த துண்டுகள் உள்ளே சுற்றி மற்றதையும் கெடுக்கும்.

ஸ்டார்ட் ஆகிறதா, ரெய்ஸ் ஆகிறதா, சக்கரம் சுற்றுகிறதா. இந்த மூன்று கேள்விக்கும் பதிலை ஒரு வீடியோவில் எடுத்து அனுப்பினால், உலகத்தில் எந்த மெக்கானிக்குக்கும் மொழி தேவையில்லை. மருமகன் அதைத்தான் செய்தான், பத்து விநாடி வீடியோ.

ஆனால் சிக்னல் இல்லை. செய்தி போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. வளைவுக்கு மேலே கொஞ்சம் நடந்து போனதும் ஒரு புள்ளி கிடைத்து, வீடியோவும் இருக்கும் இடமும் போய்ச் சேர்ந்தன. மேப்பும், தாய் மொழிக்கான மொழிபெயர்ப்புத் தொகுப்பும் போனிலேயே இறக்கி வைத்திருந்ததால் மற்றதற்கு இணையத்தை நம்பியிருக்கவில்லை.

எடுத்த முடிவும் எடுக்காத முடிவுகளும்

கடையிலிருந்து பதில் வர அரை மணிக்கு மேல் ஆனது. ஐந்து மணி வாக்கில் ஆள் அனுப்பி வண்டியை ஏற்றிக்கொள்கிறோம், அதற்கு 1,500 பாட் ஆகும். அல்லது பக்கத்தில் எங்காவது சரிசெய்து ரசீது கொண்டுவாருங்கள், பார்க்கலாம். 'பார்க்கலாம்' என்பதை மருமகன் விடவில்லை. 'பெல்ட் மாற்றினால் பணம் நீங்கள் தருவீர்களா?' என்று தாய் மொழியில் மாற்றி அனுப்பினான். 'பெல்ட் என்றால் சரி' என்று எழுத்தில் வந்தது.

அந்த அரை மணியில் மாமாவிடம் வேறு யோசனைகள் இருந்தன. ஒன்று, மருமகன் தன் வண்டியில் வந்துகொண்டே, நின்ற வண்டியின் ஃபுட்ரெஸ்டில் காலை வைத்துத் தள்ளிக்கொண்டு போவது. நம் ஊர் சமதளத்தில் தினமும் பார்க்கிற காட்சிதான். அந்த ஏற்றத்தில், அந்த வளைவுகளில், இரண்டு பேரும் சேர்ந்து விழுவதற்கான வழி அது. இரண்டாவது, போங் யாங் பக்கம் இறக்கம்தானே, இன்ஜின் இல்லாமலே உருட்டிக்கொண்டு இறங்கிவிடலாம் என்பது. இது கேட்க நியாயமாக இருக்கும், எனக்கும் முதலில் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் இன்ஜின் பிடிப்பு இல்லாமல் தொண்ணூறு கிலோவைச் சுமந்துகொண்டு நீளமான இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். அதைவிட மோசம், அறுந்த பெல்ட் துண்டு பின் கப்பிப் பக்கம் சிக்கினால் ஓடுகிற சக்கரம் இறுகிவிடக்கூடும். இரண்டையும் மருமகன் மறுத்தான். மாமா முகம் சுளித்தாலும் வற்புறுத்தவில்லை.

மருமகன் மட்டும் போய் உதவி கூட்டி வருவது மூன்றாவது யோசனை. இருவரில் ஒருவர் சிக்னல் இல்லாத இடத்தில் தனியாக நிற்க வேண்டியிருக்கும் என்பதால் அதையும் உடனே செய்யவில்லை. இரண்டரை மணி வரை பார்ப்பது, அதற்குள் எதுவும் அமையவில்லை என்றால் வண்டியைப் பூட்டிவிட்டு இருவரும் ஒரே வண்டியில் போங் யாங் திரும்புவது என்று நேரம் குறித்துக்கொண்டார்கள். அந்தப் பருவத்தில் அங்கே ஐந்தே முக்கால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும். பழகாத மலைச்சாலையில் இருட்டில் இறங்கக் கூடாது என்பதை முதலில் வைத்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி வந்த நேரம் அது. 1155 என்ற சுற்றுலா போலீஸ் எண்ணும், 1669 என்ற ஆம்புலன்ஸ் எண்ணும் கையில் இருந்தன. யாருக்கும் அடிபடவில்லை என்பதால் கூப்பிடவில்லை.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்பு, காய்கறிக் கூடைகளை இறக்கிவிட்டு வந்த ஒரு பிக்கப் நின்றது. கை காட்டக்கூட இல்லை, கிளையைப் பார்த்து அதை ஓட்டி வந்தவரே நிறுத்தினார். வீடியோவைக் காட்டினார்கள், பார்த்துவிட்டுச் சிரித்து, 'சாய் பான்' என்றார், பெல்ட். மூன்று பேரும் சேர்ந்து வண்டியைத் தூக்கி ஏற்றினார்கள். ஹேண்டிலில் கட்டப்போன கயிற்றை அவர் அவிழ்த்து, கீழே ஃபோர்க்கிலும் பின்பக்கக் கைப்பிடிக் கம்பியிலும் கட்டினார். எவ்வளவு என்று ஏற்றுவதற்கு முன்பே கேட்டதில், கணக்குப் போடும் செயலியில் 400 என்று தட்டிக் காட்டினார். மருமகன் பின்னால் வந்தான்.

மெக்கானிக் கடையில்

போங் யாங் பக்கத்தில் ஒரு வீட்டின் முன்கூரைதான் கடை. தாய்லாந்தில் தெருவுக்குத் தெரு ஓடுகிற மாடலை வாடகைக்கு எடுத்ததன் பலன் இங்கே கிடைத்தது, பெல்ட் கைவசம் இருந்தது. ஆசைக்கு அபூர்வமான வண்டியோ பெரிய வண்டியோ எடுத்திருந்தால் பார்சலுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

கவரைத் திறந்ததும் உள்ளே கறுப்புத் தூளும் நார் நாராகப் பிய்ந்த ரப்பரும் கொட்டின. காற்றடித்துச் சுத்தம் செய்துவிட்டு, மெக்கானிக் முன் கப்பியைப் பிரித்து ரோலர்களை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். உருண்டையாக இருக்க வேண்டியவை ஒரு பக்கம் தட்டையாகியிருந்தன. மாற்றட்டுமா என்று சைகையில் கேட்டார். அவை தேய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, மாற்றிவிடலாம் என்பது மாமா. கடை சம்மதித்தது பெல்ட்டுக்கு மட்டும், ரோலரின் படத்தை அனுப்பிக் கேட்போம் என்பது மருமகன். அனுப்பினான், 'வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று வந்தது. ரோலர் தட்டையாக இருந்தாலும் வண்டி ஓடும், இழுவை சீராக இருக்காது, அவ்வளவுதான். விட்டுவிட்டார்கள்.

மூன்றரைக்கு வேலை முடிந்தது. பெல்ட்டும் கூலியும் சேர்த்து 750 பாட். கையால் எழுதிய ரசீது, அதில் மெக்கானிக்கின் எண், தேதி. அறுந்த பெல்ட்டை ஒரு பையில் போட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பும் வழி

மாமாவுக்குச் சுற்றை முடிக்க ஆசை. புது பெல்ட்தானே, சமோங் வழியாகவே போய்விடலாம் என்றார். கணக்குப் பார்த்தால் ஹாங் டோங் இறங்குவதற்குள் இருட்டிவிடும், 1269-ன் வளைவுகளை இருவரும் பார்த்ததில்லை, ரோலர் பழசு. வந்த வழியே திரும்புவது என்று முடிவானது. வண்டியை மாற்றிக்கொண்டார்கள், எடை குறைந்த மருமகன் சரிசெய்த வண்டியில், முன்னால். மாமா நல்ல வண்டியில், பின்னால். இதற்கு மாமாவைச் சம்மதிக்க வைப்பது பெல்ட் மாற்றியதைவிடக் கஷ்டமாக இருந்ததாக மருமகன் சொல்கிறான். மாமா இதை மறுக்கிறார். ஐந்தரைக்குள் நகரத்துக்கு வந்துவிட்டார்கள்.

கடையோடு கணக்கு

கடையில் அடுத்த நாள் காலை இருந்தவர் வேறொருவர். இரண்டு பேர் ஏறி மலை ஓட்டியிருப்பீர்கள், அதனால்தான் அறுந்தது, பாதிப் பணம் உங்களுடையது என்றார். மருமகன் வரிசையாக எடுத்து வைத்தான்: ஓடோமீட்டர் தெரியும் முதல் நாள் வீடியோ, 9.20-க்கு அனுப்பிய கேள்வி, அதற்கு வந்த கரடி, 'பெல்ட் என்றால் சரி' என்ற வரி, ரசீது, பழைய பெல்ட். இரண்டு வண்டி வாடகைக்கு எடுத்ததற்கான தாளும் இருந்ததால் இரண்டு பேர் ஏறியது என்ற பேச்சு அங்கேயே நின்றது. பெல்ட்டின் ஓரம் முழுக்க வெடிப்பு விட்டிருந்தது, அது ஒரே நாளில் வருவதில்லை என்று வண்டிக் கடைக்காரருக்குத் தெரியாதா என்ன.

750 பாட்டும், முன்பணம் முழுதும் திரும்பக் கிடைத்தன. பிக்கப் கூலி 400-ஐத் தர மறுத்துவிட்டார்கள், அது பற்றி எழுத்தில் எதுவும் கேட்டு வாங்கவில்லையே என்று. நியாயப்படி அதுவும் கடையின் செலவுதான். ஆனால் அன்றிரவு அவர்களுக்கு ரயில், 400 பாட்டுக்காக நிற்க முடியவில்லை. பாஸ்போர்ட் கடையில் இருந்திருந்தால் இந்தப் பேச்சு முழுவதுமே வேறு மாதிரி போயிருக்கும்.

எதை மாற்றலாம்

வண்டி எடுக்கும்போது டயரைப் பார்க்கிற மாதிரி ஓடோமீட்டரையும் பார்த்து, ஆட்டோமேட்டிக் என்றால் பெல்ட் பற்றிக் கேட்பது. பகல் வெளிச்சத்தில் எடுத்து, கடையிலிருந்து ஏற்றமான ஒரு இடத்துக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு வருவது. உதறினால் அங்கேயே வேறு வண்டி கேட்பது. அன்று மே ரிம்மில் நின்றபோது நகரம் பின்னால் 17 கிலோமீட்டர்தான், திரும்பிப் போய் மாற்றியிருந்தால் ஒரு மணி நேரம் போயிருக்கும்.

எடை கூடுதலான ஆளுக்கு, இந்த மாதிரி மலைக்கு, ஆட்டோமேட்டிக்கைவிட அங்கே எங்கும் கிடைக்கிற கிளட்ச் லீவர் இல்லாத கியர் வண்டி பொருத்தமானது. சங்கிலியில் ஓடுவதால் இந்தக் கோளாறே அதில் வராது, இறக்கத்தில் கியர் பிடித்து வைக்கும். பஞ்சர் ஆகும், சங்கிலி தளரும், ஆனால் அதைச் சரிசெய்யத் தெரியாத கிராமம் கிடையாது. மாமாவே அடுத்த முறை இதைத்தான் எடுப்பேன் என்கிறார்.

எழுத்தில் சம்மதம் வாங்கும்போது உதிரிபாகம், கூலி, வண்டியை ஏற்றிச் செல்லும் செலவு மூன்றையும் ஒரே செய்தியில் கேட்டுவிட வேண்டும்.

இருவரும் இன்னும் ஒத்துப்போகாத விஷயம் ஒன்று இருக்கிறது. பிக்கப் வராமல் போயிருந்தால் மாமா வண்டியோடு அங்கேயே நின்றிருப்பாராம், மருமகன் போய் ஆள் கூட்டி வந்தால் போதும் என்கிறார். வண்டியைப் பூட்டிவிட்டுச் சேர்ந்தே போயிருக்க வேண்டும் என்கிறான் மருமகன். எனக்கு மருமகன் பக்கம்தான். பூட்டிய ஸ்கூட்டர் காணாமல் போனால் அதற்கு ஒரு விலை உண்டு, பேசித் தீர்க்கலாம். சிக்னல் இல்லாத வளைவில் தனியாக நிற்கிறவருக்கு நெஞ்சு வலித்தால் யாருக்கும் தெரியாது. மாமாவோ, அந்தச் சரளை ஓரத்தில் நிழல் இருந்தது, தண்ணீர் பாட்டில் இருந்தது, வேறென்ன வேண்டும் என்கிறார்.